பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகாமல் வாக்களிப்பது எப்படி?

கேள்வி: மல்லிகைப்பந்தல் (டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக டாலஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு எனக்கும் என் கணவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. வரும் நவம்பரில் முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறோம். வாக்காளர் அட்டை தபாலில் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த விஷயத்தை எப்படிச் சரியாக யோசிப்பது என்றுதான் கேட்கிறேன்.

விலைவாசி ஏறியதும் குற்றங்கள் பெருகியதும் ஜனநாயகக் கட்சி ஆட்சியில்தான் என்பது என் கணவரின் உறுதியான நம்பிக்கை. நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பியோ, 2008-இலும் 2020-இலும் வேலைகள் பறிபோனபோது வெள்ளை மாளிகையில் இருந்தது குடியரசுக் கட்சிதான், ஆகவே பொருளாதாரத்தைக் கெடுப்பது அந்தக் கட்சிதான் என்கிறார். இருவரும் கைப்பேசியைத் திறந்து ஆளுக்கொரு வரைபடத்தைக் காட்டுகிறார்கள். இருவருமே மனமறிந்து பொய் சொல்கிறவர்கள் அல்லர் என்பதால்தான் எனக்குக் குழப்பம் அதிகமாகிறது.

இரண்டு நிகழ்ச்சிகள் என்னை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தன. முதலாவது, 2023 ஜூலையில் நடந்தது. வழக்கமாகப் போகும் இந்திய மளிகைக் கடையில் வாசல்வரை வரிசை நின்றது. சோனா மசூரி அரிசி ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள், விலையும் முந்தைய மாதத்தைவிட வெகுவாக ஏறியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், "இதுவும் பைடன் புண்ணியம்தான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். அன்றிரவு தஞ்சாவூரிலிருந்து அம்மா பேசியபோதுதான், பாசுமதி அல்லாத பச்சரிசியை ஏற்றுமதி செய்வதற்கு இந்திய அரசு ஜூலை 20 அன்று தடை விதித்த செய்தி எனக்குத் தெரிந்தது. புது தில்லியில் எடுத்த முடிவுக்கு வாஷிங்டனில் இருப்பவரைக் குற்றவாளியாக்கி, விவரம் கேட்காமல் ஆமாம் போட்டேனே என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை.

இரண்டாவது, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டை உடைத்து நகைகளைத் திருடிச் சென்றது. வாட்ஸாப் குழுவில் பத்தே நிமிடத்தில் கட்சியின் பெயர் வந்துவிட்டது. திருடியவர் யாரென்று காவல்துறைக்கே தெரியாத நேரம் அது. பறிகொடுத்த அந்த அக்காவிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே, அவருடைய இழப்பு தேர்தல் பேச்சாக மாறிப்போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஒரு பிரச்சினைக்கு ஒரு கட்சி உண்மையாகவே காரணமா, அல்லது அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்ததால் பழி வந்து சேர்ந்ததா என்பதைப் பொருளாதாரப் படிப்பு இல்லாத என்னைப் போன்றவர்கள் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: பழைய பாஸ்டன்காரன்

சகோதரிக்கு வணக்கம். நான் 1985-இல் மேற்படிப்புக்காக பாஸ்டனுக்கு வந்தவன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகளை இந்த நாட்டுத் தேர்தல்களில் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பழி மட்டுமல்ல, புகழும் பல நேரங்களில் தவறான முகவரிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் வந்தபோது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த கதை, ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் காலத்துப் பணவீக்கத்தைக் குடியரசுக் கட்சியின் ரீகன் அடக்கினார் என்பது. 1980-இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983-இல் 3.2 சதவீதமாக இறங்கியது உண்மைதான். ஆனால் அதை இறக்கிய முதன்மையான கை, மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கருடையது. அவரை 1979-இல் அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தவர் கார்ட்டர். வோல்க்கர் வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றினார். அதன் வலி முதலில் கார்ட்டரின் பதவியைத் தின்றது. பிறகு 1982-இன் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டபோது ரீகனையும் சுட்டது. மருந்து வேலை செய்து முடித்தபோது நாற்காலியில் இருந்தவருக்குப் புகழ் கிடைத்தது. வோல்க்கர் பட்ட பாட்டுக்கு ரீகன் குறுக்கே நிற்கவில்லை என்பதற்கான பாராட்டு அவருக்கு நியாயமாகவே சேர வேண்டும். மற்றதெல்லாம் கால வரிசையில் நேர்ந்தது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. ரீகன் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1988-இல் வாக்காளர்களிடம் எடுத்த தேசியக் கருத்தாய்வை லாரி பார்ட்டல்ஸ் என்ற அரசியல் அறிஞர் பிற்பாடு ஆராய்ந்தார். எட்டு ஆண்டுகளில் பணவீக்கம் கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு, ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நிலைமை மோசமாகிவிட்டது என்று பதில் சொல்லியிருந்தார்கள். கடைக்குப் போய்க் காசு கொடுத்தவர்கள்தாம் அவர்களும். 1996-இல் இதே கதை திரும்பியது. கிளின்டனின் முதல் பதவிக்காலத்தில் அரசின் பற்றாக்குறை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தும், குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் பெரும்பாலோர் அது கூடிவிட்டதாகவே சொன்னார்கள். ஆகவே உங்கள் கணவரையோ தம்பியையோ மட்டும் பிடித்திருக்கும் நோய் அன்று இது. தனக்குப் பிடிக்காத கட்சி ஆளும்போது நல்ல எண்கூடக் கண்ணில் படுவதில்லை.

2008 நெருக்கடியையும் உங்கள் தம்பி குறிப்பிட்டார். வங்கிகளைக் காப்பாற்ற 700 பில்லியன் டாலர் ஒதுக்கிய சட்டத்தில் அந்த ஆண்டு அக்டோபரில் கையெழுத்திட்டவர் ஜார்ஜ் புஷ். ஒபாமா அப்போது செனட்டர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2010-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, அந்தச் சட்டம் புஷ் காலத்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 34 சதவீதம்தான். 47 சதவீதம் பேர் ஒபாமாவைச் சொன்னார்கள்.

குற்றத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நான் வாழ்ந்த மாநிலத்தில் நடந்தது. 1988 குடியரசுத் தலைவர் தேர்தலில் மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸ் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டபோது, கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற கைதி ஒருவர் வார இறுதி விடுப்பில் வெளியே போய்த் திரும்பாமல், வேறொரு மாநிலத்தில் கொடுங்குற்றம் புரிந்ததைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கினார்கள். அந்த முகத்தை நாடே மறக்கவில்லை. அந்த விடுப்புத் திட்டத்தை 1972-இல் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட் என்பது எந்த விளம்பரத்திலும் வரவில்லை. அதே சமயம், கொலைக் கைதிகளுக்கு அந்த விடுப்பை நிறுத்த 1976-இல் சட்டமன்றம் கொண்டுவந்த மசோதாவை டுகாகிஸ் தம் அதிகாரத்தால் தடுத்தார் என்பதும் உண்மை. அந்த ஒரு முடிவுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஒரே திட்டத்துக்குள் இரண்டு கட்சிகளின் கையும் இருந்ததை, நான் அறிந்த வாக்காளர்களில் ஒருவர்கூடச் சொல்லி அப்போது கேட்டதில்லை.

பதில் 2: மூட்டைக்கணக்கு (நியூஜெர்சி)

நான் இருபது ஆண்டுகள் இந்திய மளிகைக் கடை நடத்தியவன்; அந்த அரிசி வரிசையின் மறுபக்கத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

சகோதரி சொன்ன தடைக்கு ஓராண்டு முன்பே, 2022 செப்டம்பரில், நொய் அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டுப் பச்சரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரியும் விதித்தது. 2023 ஜூலையில் பச்சரிசி அடியோடு நின்றது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கும் 20 சதவீத வரி வந்தது. உள்நாட்டில் அரிசி விலை ஏறியதும் பருவமழை பற்றிய அச்சமும் அதற்குக் காரணங்கள். அந்தச் செய்தி வந்த மறுநாள் காலையில் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம் நின்றது. ஒரு மாதத்தில் விற்க வேண்டிய மூட்டைகள் இரண்டு நாளில் தீர்ந்தன. விலையை ஏற்றியதில் பதுக்கலுக்கும் பங்கு உண்டு. வாங்கியவர்களுக்கும் உண்டு, விற்ற எங்களில் சிலருக்கும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் தடை நீங்கியபோது யாரும் வந்து எந்தத் தலைவருக்கும் நன்றி சொல்லவில்லை.

அரிசிக்கு முன்பே வந்தது கப்பல் கட்டணம். 2021-இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு கொள்கலன் வருவதற்கு நான் கட்டிய தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டியதைப் போல நான்கு மடங்கு. பெருங்காயம் முதல் அப்பளம் வரை எல்லாவற்றின் மேலும் அந்தக் கட்டணம் ஏறி உட்கார்ந்தது. துறைமுகங்களில் ஆளில்லை, கொள்கலன்கள் தவறான கரைகளில் கிடந்தன, வீட்டில் அடைந்திருந்த மக்கள் பொருள்களாக வாங்கிக் குவித்தார்கள். இவை எந்தக் கட்சியின் அறிக்கையிலும் இல்லாதவை.

அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் 11.1 சதவீதம், யூரோ நாடுகளில் 10.6 சதவீதம். பிரிட்டனை அப்போது ஆண்டது வலதுசாரிக் கட்சி, ஜெர்மனியை ஆண்டது இடதுசாரிக் கட்சியின் தலைமையிலான கூட்டணி. ஒரே காய்ச்சல் இத்தனை வீடுகளிலும் அடிக்கும்போது, என் வீட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மருமகள்தான் காரணம் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்க முடியும்?

முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இன் தொடக்கத்தில் டஜன் சராசரியாக 2 டாலருக்கும் கீழே இருந்தது. 2023 ஜனவரியில் 4.82 டாலர், பிறகு இறங்கி, மறுபடி ஏறி, 2025 மார்ச்சில் 6.23 டாலரைத் தொட்டது. முதல் ஏற்றத்தின்போது குடியரசுத் தலைவர் பைடன், உச்சத்தின்போது டிரம்ப். இரண்டு தடவையும் பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை என் கடையில் ஒரு சாரார் திட்டினார்கள், இரண்டாம் தடவை மறு சாரார் திட்டினார்கள். கோழிக்குக் கட்சி கிடையாது என்று இருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

பெட்ரோலுக்கும் இதே கணக்கு. 2020 ஏப்ரலில் கேலன் 2 டாலருக்குக் கீழே கிடைத்தது என்று இன்றும் படம் போடுகிறார்கள். அந்த மாதத்தில்தான் வேலையின்மை 14.8 சதவீதமாக இருந்தது; சாலையில் வண்டியே இல்லாததால் கிடைத்த மலிவு அது. 2022 ஜூனில் 5 டாலரைத் தாண்டியதற்கு உக்ரைன் போர் முதன்மையான காரணம், பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய சுத்திகரிப்பு ஆலைகள் மற்றொரு காரணம்.

உங்கள் தம்பியின் வாதத்துக்கும் ஒரு வார்த்தை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் பிளைண்டர், மார்க் வாட்சன் இருவரும் ட்ரூமன் காலம் முதல் ஒபாமாவின் முதல் பதவிக்காலம் வரை கணக்கிட்டு, ஜனநாயகக் கட்சித் தலைவர்களின் காலத்தில் பொருளாதார வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 சதவீதப் புள்ளி அதிகம் என்று 2016-இல் காட்டினார்கள். உங்கள் தம்பி இதை நிச்சயம் காட்டுவார். ஆனால் அதே கட்டுரையின் மறுபாதியையும் அவர் படிக்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு வரவுசெலவுக் கொள்கையோ வட்டிக் கொள்கையோ காரணமாகத் தெரியவில்லை. எண்ணெய் விலை அதிர்ச்சிகள், உற்பத்தித்திறன், உலக நிலவரம் போன்றவற்றில் வாய்த்த நல்ல காலமே பெரும் பங்கு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பதில் 3: எண்ணும்எழுத்தும்

நான் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருப்பவள். குற்றம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மல்லிகைப்பந்தல் அக்கா, அந்த வீட்டாருக்கு முதலில் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். திருட்டைப் பற்றிய எண்கள் குறைந்தாலும், அலமாரி உடைந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு அது ஆறுதல் ஆகாது.

கொலைகள் மிக வேகமாகக் கூடிய ஆண்டு 2020, எஃப்.பி.ஐ. கணக்குப்படி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 சதவீதம். வெள்ளை மாளிகையில் டிரம்ப் இருந்தார் என்பதால் அவர் காரணம் என்று ஒரு தரப்பு சொல்லும். பெருநகர மேயர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர் என்பதால் அவர்களே காரணம் என்று மறு தரப்பு சொல்லும். உங்கள் வட்டாரத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்க இயலும். அப்போது டாலஸ் மேயர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர், பக்கத்திலிருக்கும் போர்ட் வொர்த் மேயர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அந்த ஆண்டு இரண்டு ஊர்களிலும் கொலைகள் கூடின. டாலஸ் மேயர் எரிக் ஜான்சன் 2023 செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்கு மாறினார். அன்று காலையில் ரோந்து போன காவலர்களே அன்று மாலையும் போனார்கள். சட்டமும் மாறவில்லை, நீதிமன்றமும் மாறவில்லை.

இது ஓர் ஊர்க் கதை மட்டுமன்று. சுமார் 400 நகரங்களின் மேயர் தேர்தல்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, மேயரின் கட்சி எதுவானாலும் குற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. ஒரு கட்சி மயிரிழையில் வென்ற ஊர்களையும் அதே கட்சி மயிரிழையில் தோற்ற ஊர்களையும் ஒப்பிடுவது இத்தகைய ஆய்வுகளின் முறை. மற்றபடி ஒத்திருக்கும் ஊர்களில் கட்சி மட்டும் வேறாக இருப்பதால் ஒப்பீடு நியாயமாகிறது. குடியரசுக் கட்சி மாநிலங்களில் கொலை விகிதம் அதிகம் என்ற பட்டியலையும், ஜனநாயகக் கட்சி நகரங்களில் அதிகம் என்ற பட்டியலையும் நான் ஏற்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு பட்டியல்களும் எண்ணளவில் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் வறுமையும் துப்பாக்கிகளும் மக்கள் நெருக்கமும் வயதும் தலைமுறைகளாக எங்கே குவிந்திருக்கின்றன என்பதைத்தான் அவை அளக்கின்றன. அங்கே எந்தக் கட்சி வெல்கிறது என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டு.

பார்வை எப்படிப் பிறழ்கிறது என்பதற்கும் எண் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2019 வரையில் வன்குற்ற விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தின் பெரும்பாலான ஆண்டுகளில், நாட்டில் சென்ற ஆண்டைவிடக் குற்றம் கூடிவிட்டது என்றே பெரும்பான்மையோர் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் (Gallup) நிறுவனத்திடம் சொல்லிவந்தார்கள். 2023-இல் 77 சதவீதம் பேர் நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றார்கள். தங்கள் வட்டாரத்தில் கூடியது என்றவர்கள் 55 சதவீதம்தான். அந்த ஆண்டில் கொலைகள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. 2024-இல் மேலும் 15 சதவீத அளவுக்குக் குறைந்தன. குடியரசுக் கட்சியினரில் 92 சதவீதமும் ஜனநாயகக் கட்சியினரில் 58 சதவீதமும் கூடிவிட்டது என்றார்கள். புஷ் ஆண்ட காலத்தில் இந்தத் தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது; அப்போது குற்றம் கூடியதாக அதிகம் நம்பியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். தன் தெருவைக் கண்ணால் பார்க்கிறோம், நாட்டைத் திரையில் பார்க்கிறோம். எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒரே கதவுக் கேமராக் காட்சி ஒரே மாதத்தில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு ஊர்ப் பெயர்களுடன் வந்தது. மூன்று திருட்டு நடந்துவிட்டதாகவே என் அத்தை நம்பினார்.

தரவின் குறையையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. அவை தாமாக அனுப்பும் எண்களையே எஃப்.பி.ஐ. தொகுக்கிறது. 2021-இல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்கூட முழு விவரம் அனுப்பவில்லை. அந்த ஓர் ஆண்டை வைத்து யார் எதை நிரூபித்தாலும் நம்பாதீர்கள்.

பதில் 4: எதிர்வாதம்

மேலே எழுதிய மூவரையும் மதிக்கிறேன். ஆயினும் இந்தத் திரி போகும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றுக்கும் காலமும் கோழியும் கப்பலும்தான் காரணம் என்றால், ஆட்சியில் இருப்பவர்கள் எதற்குமே பொறுப்பில்லை என்றாகிவிடும். ஆள்பவர்களுக்கு அதைவிட வசதியான முடிவு வேறில்லை. பழியைத் தவறான இடத்தில் போடுவது எத்தனை பெரிய பிழையோ, போட வேண்டிய இடத்தில் போடாமல் விடுவதும் அத்தனை பெரிய பிழை.

உரிமையாளர் உள்ள முடிவுகள் உண்டு. 2018-இல் டிரம்ப் அரசு சலவை இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி விதித்தது. விலை ஏறத்தாழ 86 டாலர் ஏறியதாகப் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். கூடவே விற்கும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது. இருந்தும் அதன் விலை 92 டாலர் ஏறியது, ஏனென்றால் இரண்டையும் சேர்த்தே மக்கள் வாங்குகிறார்கள். இங்கே முடிவும் விளைவும் கையெழுத்தும் தேதியும் தெளிவாகத் தெரிகின்றன. சீனப் பொருள்கள் மீது விதித்த வரிகளில் பெரும்பாலானவற்றைப் பைடனும் தொடர்ந்தார் என்பதால், அதன் பங்கு அவருக்கும் உண்டு.

அதேபோல் 2021 மார்ச்சில் பைடன் அரசு 1.9 லட்சம் கோடி டாலர் பெருந்தொற்று நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. இது பொருளாதாரத்தை மிதமிஞ்சிச் சூடாக்கிவிடும் என்று அதற்கு முந்தைய மாதமே எச்சரித்தவர் லாரி சம்மர்ஸ். கிளின்டன் அரசில் நிதியமைச்சராக இருந்தவர். சான் பிரான்சிஸ்கோ பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள், அமெரிக்கா அளித்த நிவாரணங்கள் 2021-இன் இறுதியில் பணவீக்கத்தில் சுமார் 3 சதவீதப் புள்ளியைச் சேர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அந்த நிவாரணங்களில் 2020 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட 2.2 லட்சம் கோடி டாலர் சட்டமும் அடக்கம். ஆக, மல்லிகைப்பந்தல் அவர்களின் கணவர் சொல்வதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. முழுப் பணவீக்கத்தையும் அந்தத் துண்டின் தலையில் ஏற்றுவதுதான் தவறு.

நான் கைக்கொள்ளும் முறை எளியது. யாராவது ஒரு கட்சியைக் குற்றம் சாட்டினால், எந்த முடிவு, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று கேட்கிறேன். அந்தத் தேதிக்கு முன்பே பிரச்சினை தொடங்கியிருந்தாலும், அந்தக் கையெழுத்துச் செல்லாத நாடுகளிலும் அதே பிரச்சினை இருந்தாலும், குற்றச்சாட்டின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. முற்றாகக் காணாமல் போய்விடுவதில்லை. எவ்வளவு பங்கு என்று கேட்பதற்கு நமக்குப் பொறுமை வேண்டும், ஆமாம் அல்லது இல்லை என்ற பதிலோடு நாம் எழுந்துவிடுகிறோம்.

இன்னொன்று. அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது; வீட்டுக்காரர்கள் புலம்பும் சொத்து வரியில் பெரும் பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. அதைப் பற்றி வாஷிங்டனைத் திட்டிவிட்டு, பள்ளி வாரியத் தேர்தலன்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருடனைப் பிடிப்பது நகரக் காவல்துறை, வழக்கு நடத்துவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்ட வழக்குரைஞர், தீர்ப்புச் சொல்வது உங்கள் மாநிலத்தில் நீங்களே வாக்களித்து அமர்த்தும் நீதிபதி. இவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் குடியரசுத் தலைவரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், நம் கோபம் உரியவரின் காதுக்குப் போகவே போகாது.

மீண்டும்: மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாஸ்டன் அண்ணா எழுதியதைக் கணவரிடமும், மூட்டைக்கணக்கு ஐயா எழுதியதைத் தொலைபேசியில் தம்பியிடமும் வாசித்துக் காட்டினேன். தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கட்டுரையின் மறுபாதியை இதுவரை படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கணவர் பணவீக்கத்தைப் பற்றிய தம் கருத்தை முழுவதும் விட்டுவிடவில்லை. ஆனால் "எவ்வளவு பங்கு" என்ற கேள்வியை அவரே இப்போது எடுக்கிறார்.

எதிர்வாதம் அவர்கள் சொன்னபிறகு, நேற்றிரவு எங்கள் மாவட்டத்தின் மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். இத்தனை பதவிகள் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. முன்பு ஒரே பொத்தானில் ஒரு கட்சிக்கு முழுவதுமாக வாக்களிக்க இங்கே வழி இருந்ததாம். 2020 முதல் அதை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயராகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரயில்வே ஆணையர் என்ற பதவியைப் பார்த்து ரயில் விடுபவர் என்று நினைத்தேன், எண்ணெயையும் எரிவாயுவையும் ஒழுங்குபடுத்தும் பதவியாம் அது. மாவட்ட வழக்குரைஞர் வேட்பாளர்கள் இருவரின் பெயரையும் நாங்கள் இருவருமே முதல் தடவையாக நேற்றுத்தான் வாசித்தோம்.

நகை பறிகொடுத்த அக்காவையும் அழைத்திருந்தேன். வீடு புகுந்து திருடும் வழக்குகளை இந்த வேட்பாளர்கள் எப்படிக் கையாள்வார்கள் என்று எழுதிக் கேட்கலாம் என்று அவர்தான் சொன்னார். மூவரும் சேர்ந்து இருவருக்கும் ஒரே கடிதத்தை எழுதியிருக்கிறோம். வாக்குச்சாவடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது, தாளில் எழுதிய குறிப்பைக் கொண்டுபோகலாம் என்பதால், ஒவ்வொரு பதவிக்கும் எதிரே அந்தப் பதவியின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கணவர் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். பதினோராவது வரியில் இருக்கிறார். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது.